மிளகளவு விளக்கு

எண்பதுகளில் மலேசியாவின் கெடா மாநிலத்தில் பீடோங், சுங்கைப் பட்டாணி, பாடாங் செராய், லுனாஸ் பக்கத்துத் தோட்டங்களில் ஒரே லயத்து வாசலிலிருந்து விடியுமுன் இரண்டு பேர் கிளம்புவார்கள். அம்மா தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு பால்மரம் வெட்டப் போவார். மகள் சீருடையோடு சாலை முனைக்குப் போய்க் கம்பெனி பஸ்ஸுக்கு நிற்பார். அம்மாவின் நெற்றி விளக்கைத் தோட்டமே பார்த்தது. மகள் போன்றவர்களின் கைபட்டு உருவான ஒரு விளக்கை யாரும் பார்த்ததில்லை. மிளகளவுதான் இருக்கும்; எரிந்தாலும் கண்ணுக்குத் தெரியாது. அது வந்த வழியைத்தான் சொல்லப்போகிறேன்.

அகச்சிவப்பு எல்.இ.டி. என்று அதற்குப் பெயர். 1961-இல் அமெரிக்காவின் டெக்சஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனத்தில் ஜேம்ஸ் பயர்ட், கேரி பிட்மன் என்ற இருவர், காலியம் ஆர்செனைடில் செய்த டையோடில் மின்சாரம் பாயும்போது அகச்சிவப்பு ஒளி வெளிவருவதைக் கண்டார்கள். மறு ஆண்டுதான் நிக் ஹொலொன்யாக் கண்ணுக்குத் தெரியும் சிவப்பு எல்.இ.டி.யைச் செய்துகாட்டினார்.

கண்டுபிடித்தது அங்கே. மலிவாக, கோடிக்கணக்கில் செய்து குவிக்க வேறு மண் வேண்டியிருந்தது. 1972-இல் பினாங்கின் பாயான் லெப்பாஸில் தடையற்ற வணிக வட்டாரம் தொடங்கியது. முதலில் வந்த எட்டு நிறுவனங்களில் இன்டெல், எச்.பி.யோடு லிட்ரோனிக்ஸும் ஒன்று. எல்.இ.டி.தான் லிட்ரோனிக்ஸின் தொழில். அது பின்னர் சீமென்ஸ் கைக்கும், அங்கிருந்து ஓஸ்ராம் கைக்கும் போயிற்று. 1985-இல் பினாங்குப் பாலம் திறந்ததும் கெடாவிலிருந்து கிளம்பும் பஸ் ஃபெர்ரிக்குக் காத்திருக்காமல் நேரே தீவுக்குள் போனது. ரப்பர் விலை விழுந்து, தோட்டங்கள் செம்பனைக்கு மாறி, துண்டாடப்பட்டு வீட்டுமனைகளாகிக்கொண்டிருந்த காலம் அது. தோட்டத்தில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு நிற்க வேண்டிய பிள்ளைகள் பஸ்ஸுக்கு நின்றார்கள்.

அங்கே அவர்கள் செய்த வேலையைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். டையோடின் உயிர் ஒரு சில்லு. பக்கத்துக்கு அரை மில்லிமீட்டர்கூட இருக்காது. அதை வெள்ளி கலந்த பசையால் உலோகக் காலின் சிறு குழியில் ஒட்ட வேண்டும். பிறகு தலைமயிரைவிட மெல்லிய தங்கக் கம்பியின் ஒரு முனையைச் சில்லின் நெற்றியிலும் மறுமுனையை இன்னொரு காலிலும் பற்றவைக்க வேண்டும். அழுத்தம் கூடினால் சில்லு விரிசல் விடும், குறைந்தால் கம்பி கழன்றுவிடும். எல்லாம் மைக்ராஸ்கோப்பில் கண் வைத்தபடி. எந்திரங்கள் இதைத் தாமாகச் செய்யக் கற்கும்வரை ஒவ்வொரு கம்பிக்கும் ஒரு பெண்ணின் கண்ணும் கையும் பொறுப்பு. ஷிப்டு முடிந்து வெளியே வந்தால் தூரத்துப் பொருள்கள் மங்கலாகத் தெரியும் என்று பலர் சொல்லியிருக்கிறார்கள்.

அந்நிய முதலீட்டாளர்களை அழைத்த அந்நாளைய விளம்பரங்கள், கீழைநாட்டுப் பெண்களின் விரல்கள் இயல்பாகவே நுண்மையானவை என்று புகழ்ந்தன. எனக்கு அந்தப் புகழ்ச்சி பிடிக்கவில்லை. பிறவிக் குணம் என்று சொல்லிவிட்டால் தேர்ச்சிக்குரிய கூலியைக் கொடுக்க வேண்டியதில்லை. பட்டையைச் சீவும்போது கத்தி மரத்தைத் தொடாமல் நிறுத்த அம்மா எத்தனை காலம் பழகினார்? மகளும் அப்படிப் பழகித்தான் அந்தக் கையைப் பெற்றார்.

இந்த விளக்குவகை கீபோர்டுக்குள் ஏறியதன் பெயர்பெற்ற கதை 1983 நவம்பர் 1-இல் தொடங்குகிறது. ஐ.பி.எம். தன் ‘பி.சி. ஜூனியர்’ வீட்டுக் கணினியை அன்று அறிவித்தது. அதன் கீபோர்டுக்குக் கம்பி கிடையாது. நான்கு சிறிய பேட்டரிகள், 62 விசைகள், செய்தி அனுப்ப அகச்சிவப்பு ஒளி. ஒரு விசையை அழுத்தினால் உள்ளே இருக்கும் சில்லு விழித்துக்கொண்டு எது அழுத்தப்பட்டது என்று பார்த்து, அதற்குரிய எண்ணை ஒளித்துடிப்புகளாக அனுப்பிவிட்டு மறுபடி தூங்கப் போகும். தூக்கம்தான் பேட்டரியைக் காப்பாற்றியது. அறையில் வெயிலும் குண்டு பல்பும் அகச்சிவப்பைக் கொட்டிக்கொண்டிருக்கும்போது கணினி தன் கீபோர்டின் ஒளியை எப்படி இனம் காணும்? நொடிக்குச் சுமார் 40,000 முறை துடிக்கும் ஒளியை மட்டும் அது கவனித்தது. மற்றதெல்லாம் அதற்கு இரைச்சல்.

நல்ல யோசனை. ஆனால் ஒளி நேரே போய் விழ வேண்டும். நடுவில் ஒரு புத்தகம் நின்றால் எழுத்து தொலையும். கீபோர்டு பேசும், கேட்காது; தான் சொன்னது போய்ச் சேர்ந்ததா என்று அதற்குத் தெரியாது. வகுப்பறையில் இரண்டு ஜூனியர்கள் அருகருகே இருந்தால் ஒரு பிள்ளை தட்டியது இன்னொரு பிள்ளையின் திரையில் வரக்கூடும். கம்பி வேண்டாம் என்று வந்த கீபோர்டுக்கு ஐ.பி.எம். கம்பியையும் தனியே விற்றது. பொத்தான் போன்ற விசைகளும் மக்களுக்குப் பிடிக்காமல் 1984-இல் வேறு கீபோர்டை இலவசமாக மாற்றிக்கொடுத்தார்கள். 1985 மார்ச்சில் உற்பத்தியே நின்றது.

விளக்கு நிற்கவில்லை. தொலைக்காட்சி ரிமோட்டுக்குள் அதற்கு நிரந்தர இடம் கிடைத்தது. 1993-இல் தொடங்கிய இர்டா என்ற அமைப்பு வகுத்த பொது விதிகளால் மடிக்கணினிகளும் கைபேசிகளும் எதிரெதிரே இருந்து அதன் ஒளியில் பேசிக்கொண்டன. கம்பியில்லாக் கீபோர்டுகளோ பின்னாளில் புளூடூத் போன்ற வானொலி வழிகளுக்குப் போய்விட்டன. வானொலி அலைக்கு நடுவில் புத்தகம் இருந்தாலும் கவலையில்லை. பாலம் கடந்து போய்ச் செய்த தொழிலும் கெடாவுக்கே வந்துவிட்டது. 1996-இல் கூலிம் ஹைடெக் பார்க் திறந்தது. 2017 நவம்பரில் ஓஸ்ராம் அங்கே எல்.இ.டி. சில்லு ஆலையைத் தொடங்கியது.

அந்தக் கால ஆலையொன்றில் கம்பி பற்றவைத்த அக்கா ஒருவர் இப்போது லுனாஸில் ஒரு தாமான் வீட்டில் இருக்கிறார். போன மாதம் போனபோது கூடத்து விளக்கை அணைத்துவிட்டு, அவர் வீட்டு ரிமோட்டை என் கைபேசியின் செல்ஃபி கேமராவுக்கு நேரே பிடித்து ஒரு பொத்தானை அழுத்தினேன். வெறும் கண்ணுக்கு ஒன்றுமில்லை. திரையில் வெளிறிய ஊதாப் புள்ளி ஒன்று படபடத்தது. அக்கா மூக்குக்கண்ணாடியை முந்தானையில் துடைத்துப் போட்டுக்கொண்டு திரைக்கு அருகே குனிந்தார்.

“இன்னொரு தடவ அமுக்கு, தம்பி.”