பிழைத்தவர் செலுத்திய கடன்: எட்வர்ட் முங்க்கின் 'நோயுற்ற குழந்தை'

இளம் வயதில் கொடிய நோயொன்றிலிருந்து மீண்டவர்கள் அந்த மீட்சியை நினைவில் நிறுத்தக் கலையை நாடுவது எல்லாத் தேசங்களிலும் நடந்து வந்திருக்கிறது. அத்தகைய படைப்புகளின் நடுவே பெரும்பாலும் மீண்டவரே இருப்பார். பட்ட துன்பமும் பெற்ற வாழ்வும் அவருடையவை என்பதால் அது இயல்பே. நார்வே நாட்டு ஓவியர் எட்வர்ட் முங்க் (1863-1944) இதில் வேறுபடுகிறார். அவர் 13 வயதில் இரத்தம் கக்கிச் சாவின் விளிம்புவரை சென்று திரும்பியவர். அந்த நோயறையின் நினைவாக ஏறத்தாழ 40 ஆண்டுக் காலத்தில் ஒரே ஓவியத்தை ஆறு முறை தீட்டினார். ஆறிலும் படுத்திருப்பவள் அதே நோயில் இறந்துபோன அவருடைய தமக்கை. பிழைத்தவர் அந்த ஓவியத்தில் எங்கே இருக்கிறார் என்பதையே இக்கட்டுரையில் காண முயல்கிறோம்.

முங்க் என்றால் நம்மில் பலருக்கு 'அலறல்' ஓவியம் மட்டுமே நினைவுக்கு வரும். அதற்கு ஏழெட்டு ஆண்டுகள் முன்பே வரையப்பட்டது 'நோயுற்ற குழந்தை'. தம் பிற்காலப் படைப்புகளில் பெரும்பாலானவை இந்த ஓவியத்திலிருந்தே பிறந்தன என்று முங்க் பின்னாளில் எழுதினார். எனவே அவரை அறிய விரும்புவோர் இதிலிருந்து தொடங்குவது பொருத்தமானது.

முங்க்கின் தந்தை கிறிஸ்டியன் இராணுவ மருத்துவர். ஆழ்ந்த, சமயங்களில் அச்சமூட்டும் அளவுக்குத் தீவிரமான இறைப்பற்று கொண்டவர். இன்று ஓஸ்லோ எனப்படும் நகரம் அன்று கிறிஸ்டியானியா. குடும்பம் அங்கே குடியேறிய சில ஆண்டுகளில், 1868 டிசம்பரில், தாய் லாரா காசநோயால் இறந்தார். எட்வர்டுக்கு அப்போது 5 வயது. தமக்கை ஸோஃபிக்கு 6. தாயின் தங்கை காரன் பியோல்ஸ்டாட் வந்து ஐந்து குழந்தைகளையும் வளர்த்தார். மார்புச்சளியும் காய்ச்சலுமாக அடிக்கடி பள்ளிக்குப் போக முடியாமல் வீட்டில் கிடந்த எட்வர்டு படம் வரைந்தே பொழுதைக் கழித்தார்.

1876 டிசம்பரில் அவருக்கு 13 வயது நிறைந்தது. அந்தக் கிறிஸ்துமஸ் சமயத்தில் அவர் இருமியபோது வாயிலிருந்து இரத்தம் வந்தது. மருத்துவரின் மகனுக்கு, அதுவும் தாயை அவ்வாறு இழந்தவனுக்கு, அதன் பொருளை யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. தந்தை படுக்கையருகே கைகூப்பி வேண்டியதையும், சாவுக்கும் தீர்ப்புக்கும் தாம் நடுங்கியதையும் முங்க் தம் குறிப்பேடுகளில் பலமுறை எழுதிப் பார்த்திருக்கிறார். சிறுவன் பிழைத்துக்கொண்டான். ஓராண்டு நிறைவதற்குள், 1877 நவம்பரில், ஸோஃபி அதே காசநோயால் இறந்தாள். அவளுக்கு 15 வயது. இறுதி வேளையில் படுக்கையிலிருந்து எடுத்து நாற்காலியில் அமர்த்தும்படி அவள் கேட்டாள் என்று முங்க் நினைவுகூர்ந்தார். அந்தப் பிரம்பு நாற்காலியை அவர் தம் வாழ்நாள் முழுவதும் பாதுகாத்தார். இன்று அது ஓஸ்லோவில் உள்ள முங்க் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

இங்கே நாம் கவனிக்க வேண்டிய மருத்துவ உண்மை ஒன்று உண்டு. அக்காலத்தில் காசநோய்க்கு மருந்து கிடையாது. ராபர்ட் கோஹ் அந்நோயின் கிருமியைக் கண்டறிந்து அறிவித்ததே 1882-ல்தான். அதை வெல்லும் முதல் மருந்தான ஸ்ட்ரெப்டோமைசின் பற்றிய ஆய்வுரை 1944 ஜனவரியில் வெளியாயிற்று. முங்க் இறந்ததும் அதே மாதம்தான். ஆகவே 1876-ல் ஒருவன் பிழைத்ததற்கும் 1877-ல் ஒருத்தி இறந்ததற்கும் எவரும் காரணம் காட்ட இயலாது. ஒரே வீடு, ஒரே தந்தை, ஒரே பிரார்த்தனை. தம்பியின் தகுதியால் அவனுக்கு உயிர் கிடைக்கவில்லை; தமக்கையின் குறையால் அவளுக்கு அது மறுக்கப்படவுமில்லை. காரணமின்றிக் கிடைத்த உயிரை ஒருவர் எவ்வாறு கொண்டாடுவது? நன்றி சொல்லத் தொடங்கினால், சாகவிடப்பட்டவளைப் பற்றியும் ஏதாவது சொல்லியாக வேண்டும். முங்க்கின் இடர்ப்பாடு இதுவே என்று தோன்றுகிறது.

1880-ல் பொறியியற் படிப்பைக் கைவிட்டு ஓவியராவதென்று அவர் முடிவெடுத்தார். 1885-ல் 'நோயுற்ற குழந்தை'யைத் தொடங்கினார். தந்தையுடன் ஒரு நோயாளியின் வீட்டுக்குச் சென்றபோது அங்கே கண்ட 11 வயதுச் சிறுமி பெட்ஸி நீல்ஸன் ஸோஃபியின் இடத்தில் அமர்ந்தாள். அருகே தலைகவிழ்ந்திருக்கும் பெண்ணுக்குச் சிற்றன்னை காரனே மாதிரியாக அமர்ந்தார் என்பர். பெரிய வெண்தலையணையில் சாய்ந்த செந்நிறக் கூந்தல், வெளிறிய முகம், ஒரு புறம் மருந்துப்புட்டி, மறுபுறம் கண்ணாடிக் குவளை. சிறுமி தன் அருகில் அழுபவளைக் காணாமல் அவளுக்கு அப்பால், இருண்ட திரைச்சீலையின் பக்கம் பார்க்கிறாள். இருவர் கைகளும் சேரும் இடம் ஓவியத்தின் நடுவில் இருந்தும் அங்கே விரல்கள் தெளிவாக இல்லை. வண்ணம் குழம்பிக் கிடக்கிறது.

நோயாளிச் சிறுமியர் அக்காலத்து வட ஐரோப்பிய ஓவியர் பலரும் கையாண்ட பொருள். முங்க்குக்கு வழிகாட்டியாக இருந்த கிறிஸ்டியன் குரோக் 1881-ல் தீட்டிய 'நோயுற்ற சிறுமி' அவற்றுள் புகழ்பெற்றது. குரோக்கும் தம் சகோதரியைக் காசநோய்க்குப் பறிகொடுத்தவர். அவருடைய சிறுமி கையில் இதழுதிரும் ரோஜாவுடன் நம்மை நேருக்கு நேர் பார்க்கிறாள். போர்வையின் மடிப்புகூடத் துல்லியமாக இருக்கிறது. முங்க்கின் ஓவியமோ கீறலும் வழித்தலுமாக நிற்கிறது. ஓராண்டுக் காலம் திரும்பத் திரும்ப வரைந்தும், சுரண்டியும், வண்ணத்தைக் கரைத்து வழியவிட்டும், முதன்முதலில் மனத்தில் பதிந்த காட்சியை மீட்க முயன்றதாக அவர் எழுதியிருக்கிறார். அப்போது அவர் ஒன்றைக் கண்டுகொண்டார். அந்தக் காட்சியைத் தாம் கண்டது தம் கண்ணிமை மயிர்களின் ஊடாக என்பதே அது. அந்த மயிர்களின் நிழலையும் ஓவியத்தின்மேல் கோடுகளாகத் தீட்டினார். பின்னர் அவற்றை ஓரளவு மட்டுப்படுத்தினார்.

நம் கேள்விக்கான முதல் விடை இங்கே கிடைக்கிறது. ஓவியத்துக்கும் நமக்கும் இடையே தொங்கும் அந்தக் கீறல்களில் பிழைத்தவர் இருக்கிறார். அவர் தம் முகத்தை வைக்கவில்லை. பார்த்துக்கொண்டிருந்த கண்ணை வைத்தார்.

1886-ல் கிறிஸ்டியானியாவின் இலையுதிர்காலக் கண்காட்சியில் 'ஆய்வு' என்ற அடக்கமான தலைப்புடன் ஓவியம் வைக்கப்பட்டது. பார்வையாளர்கள் சிரித்தனர், விமர்சகர்கள் முடிக்கப்படாத கிறுக்கல் என்றனர். யதார்த்த ஓவியர் குஸ்தாவ் வென்ட்ஸெல் தம்மை நேரிலேயே ஏசியதை முங்க் நெடுநாள் மறக்கவில்லை. முங்க் அதைக் குரோக்குக்கே பரிசாகக் கொடுத்துவிட்டார்.

இவ்வளவு பட்ட ஓவியத்தை ஒருவர் மறந்துவிட முயல்வார் என்றே நினைப்போம். முங்க் மறுபடி மறுபடி அதனிடம் சென்றார். 1894-ல் செப்புத் தகட்டில் ஊசியால் கீறி அச்செடுத்தார். சிறுமியின் படத்துக்குக் கீழே, விளிம்பில், ஒரு சிறு நிலக்காட்சியையும் மரத்தையும் சேர்த்தார். 1896-ல் பாரிஸில் ஒகுஸ்த் க்ளோவின் அச்சகத்தில் சிறுமியின் தலையை மட்டும் வண்ணக் கல்லச்சாக்கினார். அச்சுக்கற்களின் முன் கண்களை மூடிக்கொண்டு, விரலால் காற்றில் கோடிழுத்து, இன்ன இன்ன வண்ணம் என்று அவர் சொல்லிக்கொண்டிருந்ததை உடனிருந்த ஓவியர் ஒருவர் பதிவுசெய்திருக்கிறார். அதே ஆண்டில் இரண்டாவது ஓவியம், 1907-ல் இரண்டு, 1920-களின் நடுப்பகுதியில் மேலும் இரண்டு. இவற்றுள் சில வாங்குவோர் கேட்டு வரைந்தவையே. ஆயினும் கேட்டவருக்காக மட்டும் வரைந்திருந்தால் 60 வயதுக்குப் பிறகும் வரைந்திருக்க வேண்டியதில்லை.

1907-ல் தீட்டியவற்றில் ஒன்றின் வரலாறு தனிக்கதை. 1928-ல் ஜெர்மனியின் டிரெஸ்டன் நகர ஓவியக்கூடம் அதை வாங்கியது. நாஜி ஆட்சி 'சீரழிந்த கலை' என்று முத்திரையிட்டு ஜெர்மானிய அருங்காட்சியகங்களிலிருந்து முங்க்கின் 82 படைப்புகளை அகற்றியபோது இதுவும் போயிற்று. நார்வேக்கு வந்து விற்பனையான அதைக் கப்பல் அதிபர் தாமஸ் ஓல்ஸன் வாங்கி 1939-ல் இலண்டன் டேட் கூடத்துக்கு வழங்கினார். வீட்டிலிருந்து இறந்தவள் அவ்வாறு நாடுகடந்து போனாள்.

நம் கேள்விக்கான இரண்டாவது விடையை முங்க் தம் முதுமையில் எழுதினார். நோயாளிகளை வரைந்த பிறர் எவரும் தம்மைப்போல் அந்தக் காட்சியை இறுதி வேதனைவரை வாழ்ந்ததில்லை என்றார். அந்த நாற்காலியில் தாமும், தாய் தொடங்கித் தமக்கு உரியவர் எல்லோரும், குளிர்காலந்தோறும் வெயிலுக்கு ஏங்கி அமர்ந்திருந்ததாகவும் சொன்னார். ஆக, அவர் தம்மை விலக்கிவிட்டுத் தமக்கையை வரையவில்லை. நாற்காலி ஒன்றுதான், அதில் முறைவைத்து அமர்ந்தவர்கள் பலர். எழுந்து நடக்க வாய்த்தவர், எழாதவளை அதில் அமர்த்தி வரைந்தார். 1919-ல் 'ஸ்பானியக் காய்ச்சலுடன் தற்சித்திரம்' என்ற ஓவியத்தில், கலைந்த படுக்கையின் முன், மடியில் போர்வையுடன், பிரம்பு நாற்காலியொன்றில் 55 வயது முங்க்கே அமர்ந்திருக்கிறார். இம்முறை அருகில் அழுவதற்கு எவருமில்லை.

நேர்த்திக்கடன் என்பது ஒருமுறை செலுத்தினால் தீர்வது. முங்க் பட்ட கடன் அத்தகையதன்று. அது இறைவனுக்கோ மருத்துவத்துக்கோ பட்டதாக இருந்திருந்தால் ஓர் ஓவியத்தோடு தீர்ந்திருக்கும். 15 வயதில் நின்றுவிட்ட ஒருத்திக்குப் பட்டதால், தம் வயது ஏறும்தோறும் அது வளர்ந்தது என்றே நாம் கருதுகிறோம்.

ஒன்றை மட்டும் சேர்த்துச் சொல்லி முடிக்கலாம். 1909-ல் கிறிஸ்டியானியாப் பல்கலைக்கழகப் பேரவையின் சுவர்களுக்கு ஓவியம் தீட்டும் போட்டியில் முங்க் இறங்கினார். பல ஆண்டு இழுபறிக்குப் பின் 1916-ல் அவை அங்கே நிறுவப்பட்டன. மண்டபத்தின் நடுச்சுவரில் மனிதர் எவரும் இல்லை. கடலுக்கும் பாறைகளுக்கும் மேலே எழுந்து நாற்புறமும் கதிர் வீசும் மாபெரும் சூரியன் மட்டுமே இருக்கிறது. பிரம்பு நாற்காலியில் அமர்ந்தவர்கள் எதற்காக ஏங்கினார்கள் என்பதை அறிந்தபின் அந்தச் சுவரைக் காண்பவருக்கு, அது வெறும் விடியற்காட்சியாகத் தோன்றாது.