செங்கொடியிலிருந்து முப்பது மைல் வரை

தோட்ட வாசலைத் தாண்டிப் பெரிய சாலையில் கால் வைத்ததும், செந்நிற வட்டத்துக்குள் எழுதிய ஓர் எண்ணைக் காண்கிறோம். வேகத்திற்கு எல்லை வகுக்கும் எண் அது. அது எப்படித் தோன்றியது என்று அறிய, பிரிட்டனின் வரலாற்றைச் சற்றுப் புரட்டிப் பார்ப்போம். நம் நாட்டுச் சாலைச் சட்டங்கள் அங்கிருந்துதான் கிளைத்தன.

1865-ஆம் ஆண்டுச் சட்டப்படி, எஞ்சின் வண்டிகள் நாட்டுப்புறத்தில் மணிக்கு 4 மைலும், ஊருக்குள் 2 மைலும்தான் போகலாம். வண்டிக்கு 60 கெஜம் முன்னால் ஒருவர் செங்கொடி ஏந்தி நடக்க வேண்டும். இன்று நமக்குச் சிரிப்பு வருகிறது. ஆனால் அன்று சாலை என்பது நடப்பவருக்கும் குதிரைக்கும் உரியதாக இருந்தது. எஞ்சின் வண்டிதான் புதிதாக வந்த விருந்தாளி.

1896 ஆகஸ்டு 17-இல், லண்டன் கிரிஸ்டல் பேலஸ் பகுதியில் பிரிட்ஜெட் டிரிஸ்கோல் என்ற 44 வயது மாது மோட்டார் கார் மோதி இறந்தார். உடன் வந்த மகளின் கண்ணெதிரே இது நடந்தது. பிரிட்டனில் காரால் உயிரிழந்த முதல் பாதசாரி அவரே. ஆயினும் அதே ஆண்டு நவம்பரில் எல்லை உயர்ந்தது. 1903-இல் மணிக்கு 20 மைல் ஆயிற்று.

அந்த எல்லையை யாரும் மதிக்கவில்லை. மதிக்காத சட்டத்தால் சட்டத்திற்கே இழுக்கு என்று வாதாடி, 1930-இல் கார்களுக்கான எல்லையை அடியோடு நீக்கிவிட்டார்கள். திருட்டு மிகுந்துவிட்டதென்று பூட்டைக் கழற்றிய கதைதான்! 1934-இல் சாலையில் மாண்டவர் 7,343 பேர். ஏறக்குறையப் பாதிப்பேர் நடந்து சென்றவர்கள்.

அவ்வாண்டே புதிய சட்டம் வந்தது. போக்குவரத்து அமைச்சர் ஹோர்-பெலிஷா அதனை நடைமுறைப்படுத்தினார். 1935 மார்ச் 18 முதல், குடியிருப்புப் பகுதிகளில் மணிக்கு 30 மைல்தான். குடியிருப்பு எது என்று ஓட்டுநருக்கு எப்படித் தெரியும்? அதற்கொரு நல்ல வழி கண்டார்கள். தெருவிளக்குகள் 200 கெஜத்திற்கு மேற்படாத இடைவெளியில் நின்றால், அது குடியிருப்பு. விளக்கு இருக்கும் இடத்தில் மனிதர் நடப்பர் அல்லவா? ஊருக்கு வெளியே கார்கள் விருப்பம்போல் ஓடலாம். ஓட்டுநருக்கும் வழி விட்டாயிற்று. நடப்பவருக்கும் இடம் கிடைத்தது. கடக்கும் இடங்களில், கம்பத்தின் உச்சியில் ஆரஞ்சு நிற உருண்டைகளையும் நிறுத்தினார்கள். பலர் அவற்றைக் கேலி செய்தனர். ஆனால் 1935-இல் மாண்டவர் தொகை 6,502 ஆகக் குறைந்தது. புதிய ஓட்டுநர்களுக்குத் தேர்வு கட்டாயமானதும் அவ்வாண்டில்தான்.

வேகம் ஏன் இவ்வளவு முக்கியம்? வேகம் இரண்டு மடங்கானால், பிரேக் பிடித்தபின் வண்டி உருளும் தூரம் நான்கு மடங்காகிறது. சாலையோரமாய் வரிசையில் நடந்துவரும் தோட்டப் பள்ளிப் பிள்ளைகளை மனத்தில் வைத்து இக்கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

வழக்கு இன்னும் ஓயவில்லை. 2023 செப்டம்பர் 17-இல், வேல்ஸ் நாடு குடியிருப்புச் சாலைகளின் எல்லையை 30 மைலிலிருந்து 20-ஆகக் குறைத்தது. நேரம் வீணாகிறதென்று நாலரை லட்சத்திற்கும் மேற்பட்டோர் எதிர்த்துக் கையெழுத்திட்டனர். சில சாலைகளை மீண்டும் 30-க்கு மாற்றலாம் என அரசு இறங்கிவந்தது. பெரும்பாலான தெருக்களில் 20-ஐ விட்டுக்கொடுக்கவில்லை.