மெட்ராஸின் பெயர் தாங்கிய நோய்

மலர்க் குழுவினர் என்னிடம், "மருத்துவ ஆராய்ச்சியைப் பற்றி ஏதாவது எழுதிக் கொடுங்க சார்" என்று கேட்டபோது முதலில் தயங்கினேன். ஆராய்ச்சி என்றதும் நம் மாணவர்களுக்கு லண்டனும் அமெரிக்காவும்தான் கண்ணுக்குத் தெரிகின்றன. நம் ஊர் அரசு மருத்துவமனையின் நெரிசலில் பிறந்த ஓர் ஆராய்ச்சியைச் சொல்லலாமே என்று பிறகு தோன்றியது. அதைச் சொல்ல வேண்டுமானால் நான் செய்த ஒரு தவறையும் சொல்லியாக வேண்டும்.

1978-ஆம் ஆண்டு. நம் கல்லூரியை விட்டுப் போய் வேறோர் ஊரில் நரம்பியல் மேற்படிப்பில் சேர்ந்து சில மாதங்களே ஆகியிருந்தன. வட ஆற்காடு மாவட்டத்துக் கிராமம் ஒன்றிலிருந்து ஒரு விவசாயி தன் மகனை அழைத்து வந்தார். பையனுக்கு வயது 16. ஒல்லியான தேகம். இரண்டு கைகளிலும் விரல் எலும்புகளுக்கு இடையே சதை கரைந்து குழி விழுந்திருந்தது. சட்டைப் பொத்தானைப் போட முடியவில்லை. தோளில் தோலுக்கு அடியில் தசைகள் புழு நெளிவது போலத் துடித்தன. நாக்கை நீட்டச் சொன்னேன். அதுவும் சுருங்கித் துடித்தது. முழங்காலில் சுத்தியலால் தட்டினால் கால் துள்ளியது. தொடு உணர்ச்சியில் ஒரு குறையும் இல்லை.

எனக்குப் புத்தகம் மனப்பாடம். மோட்டார் நியூரான் நோய் என்று எழுதினேன். "எவ்வளவு நாளுங்கய்யா?" என்று தகப்பனார் கேட்டார். புத்தகம் சொன்னதை அப்படியே சொன்னேன். "ரெண்டு, மூணு வருஷம்."

இரண்டு நாள் கழித்து ரவுண்ட்ஸ். எங்கள் தலைமைப் பேராசிரியர் பையனைக் கண்களை இறுக்க மூடச் சொன்னார். இமைகள் முழுதாக மூடவில்லை. அடுத்துப் பையிலிருந்து ட்யூனிங் ஃபோர்க்கை எடுத்தார். "பையனுக்குக் காது கேக்குதான்னு பாத்தியாப்பா?"

பார்க்கவில்லை. நான் கேட்ட கேள்விக்கெல்லாம் தகப்பனாரே பதில் சொல்லிக்கொண்டிருந்தார். பையன் கூச்சப்படுகிறான் என்று நினைத்துவிட்டேன். அவனுக்குப் பாதி கேட்கவேயில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது.

"லைப்ரரியில 'நியூராலஜி இந்தியா' 1970 தொகுதிய எடுத்துப் படி. படிச்சிட்டு அந்த அப்பாவக் கூப்பிட்டுப் பேசு" என்றார். வேறு ஒன்றும் சொல்லவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது.

பாரீஸ் எழுதிய பாடம்

நான் மனப்பாடம் செய்து வைத்திருந்த பாடம் பாரீஸில் எழுதப்பட்டது. அங்கே சால்பெட்ரியேர் என்ற பெரிய மருத்துவமனையில் பணியாற்றியவர் ழான் மார்ட்டின் ஷார்கோ. நோயாளியை உயிரோடு இருக்கும்போது ஆண்டுக்கணக்கில் கவனிப்பார். இறந்த பிறகு மூளையையும் தண்டுவடத்தையும் நுண்ணோக்கியில் பார்ப்பார். முன்பு எழுதி வைத்த குறிப்போடு இதை ஒப்பிடுவார். அவருடைய ஆராய்ச்சி முறை இதுதான். தசை நோய்களை மின்சாரத்தால் சோதித்து ஆராய்ந்த டுஷேன் என்பவரை அவர் தம் குரு என்றே மதித்தார். அந்த டுஷேனோ பாரீஸில் எந்த மருத்துவமனையிலும் பதவி வகித்தவரில்லை. வார்டு வார்டாக மின்பெட்டியைச் சுமந்து சென்று நோயாளிகளைப் பார்த்தவர்.

நாம் ஒரு விரலை அசைக்க இரண்டு நரம்பணுக்கள் வேண்டும். மூளையிலிருந்து தண்டுவடம் வரை ஒன்று. அங்கிருந்து தசை வரை இன்னொன்று. இரண்டாவது கெட்டால் தசை கரைந்து துடிக்கும். முதலாவது கெட்டால் கைகால் விறைத்துத் துள்ளும். இரண்டும் சேர்ந்து கெடும் நோயை 1869-இல் ஷார்கோ தம் சகா ஜோஃப்ராவுடன் விவரித்தார். 1874-இல் அதற்கு 'அமையோட்ராஃபிக் லேட்டரல் ஸ்கிளிரோசிஸ்' என்ற பெயரைச் சூட்டினார். பெரும்பாலும் ஐம்பது வயதுக்கு மேல் வரும். பெரும்பாலோர் மூன்று முதல் ஐந்து ஆண்டுகளுக்குள் இறந்துவிடுவார்கள். காது நன்றாகவே கேட்கும்.

ஷார்கோ எழுதியதில் பிழை ஏதுமில்லை. தம் வார்டில் படுத்திருந்தவர்களைத்தான் அவர் எழுதினார். நம் ஊர்ப் பையன் அந்த வார்டில் இல்லை.

நான்கு பக்கங்கள்

சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் 1950-இல் டாக்டர் பி. ராமமூர்த்தி நரம்பு அறுவை சிகிச்சைப் பிரிவைத் தொடங்கினார். அடுத்த ஆண்டே இந்திய நரம்பியல் சங்கம் உருவாயிற்று. வேலூரில் டாக்டர் ஜேக்கப் சாண்டி, சென்னையில் ராமமூர்த்தி என்று விரல் விட்டு எண்ணக்கூடிய ஆட்களே இத்துறையில் இருந்த காலம். சி.டி. ஸ்கேன் கிடையாது. கண், காது, சுத்தியல், ட்யூனிங் ஃபோர்க், பொறுமை: மூலதனம் அவ்வளவே.

அந்தக் கூட்டத்தில் சிலர் ஒரு விஷயத்தைக் கவனித்தார்கள். மோட்டார் நியூரான் நோய் என்று வருபவர்களில் ஒரு பகுதியினர் சிறு வயதுக்காரர்கள். கைகால் தசை கரைகிறது. முகமும் தொண்டையும் பலவீனப்படுகின்றன. பலருக்குக் காது மந்தமாகிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, இவர்கள் சீக்கிரம் சாவதில்லை. ஆண்டுகள் கழித்தும் அதே ஓ.பி.க்குத் திரும்பி வருகிறார்கள்.

டாக்டர் மீனாட்சிசுந்தரம், டாக்டர் கே. ஜெகந்நாதன், டாக்டர் ராமமூர்த்தி மூவரும் இதை 1970-இல் 'நியூராலஜி இந்தியா' இதழின் துணைத் தொகுதியில் எழுதினார்கள். சென்னையில் இளவயதினரிடம் காணப்படும் மோட்டார் நியூரான் நோயின் தன்மை என்பது தலைப்பு. மொத்தம் நான்கு பக்கம். ஆடம்பரமான ஒரு சொல் கிடையாது.

அன்று மாலை நூலகத்தில் அந்த நான்கு பக்கத்தையும் படித்தேன். என் நோயாளியைப் பார்க்காமலே யாரோ அவனைப் பற்றி எழுதி வைத்திருப்பதாகத் தோன்றியது. மறுநாள் தகப்பனாரைத் தேடினால் ஆள் ஊருக்குப் போயிருந்தார். இரண்டு நாளில் திரும்பி வந்தவரிடம், நான் சொன்னது தவறு, இது வேறு விதம், மெதுவாகத்தான் போகும், பையன் பல வருஷம் இருப்பான் என்று விளக்கினேன். அவர் கும்பிட்டார். பிறகு சொன்னார்: "பள்ளிக்கூடத்துல பேர எடுத்துட்டேங்கய்யா. ரெண்டு வருஷத்துக்கு எதுக்குப் படிப்புன்னு நெனச்சேன்."

பெங்களூரின் பங்கு

1973-இல் ஸ்பில்லேன் தொகுத்த 'டிராப்பிக்கல் நியூராலஜி' என்ற நூலில் ஜெகந்நாதன் இந்நோயைப் பற்றி ஓர் அத்தியாயம் எழுதினார். உலகம் கவனிக்கத் தொடங்கியது. 'மெட்ராஸ் பேட்டர்ன்' என்ற பெயரும் நிலைத்தது.

அடுத்து இந்த வேலையைத் தோளில் சுமந்தது பெங்களூர் நிம்ஹான்ஸ். அங்கே டாக்டர் எம். கௌரி தேவி மோட்டார் நியூரான் நோய்களையே தம் ஆராய்ச்சி வாழ்வின் மையமாக வைத்துக்கொண்டார். ஒரே ஒரு கையோ ஒரே ஒரு காலோ மட்டும் மெலிந்து, சில ஆண்டுகளில் நோய் தானாகவே நின்றுவிடும் ஒரு வகையை 1984-இல் 23 நோயாளிகளை வைத்து விவரித்தார். ஜப்பானில் ஹிராயாமா 1959-இலேயே கை மெலியும் வகையைச் சொல்லியிருந்தார். காலும் அப்படி மெலியலாம் என்பதை நம் நாட்டு மருத்துவர்கள் எடுத்துக் காட்டினார்கள். சண்டிகரிலிருந்தும் 1981-இல் இதைப் பற்றி ஒரு கட்டுரை வந்திருந்தது. 1987-இல் கௌரி தேவி தொகுத்த நூலில் ஜெகந்நாதனும் குமரேசனும் மெட்ராஸ் வகையைப் பற்றி எழுதினார்கள். 1988-இல் கௌரி தேவியும் சுரேஷும் பிரிட்டிஷ் ஆய்விதழ் ஒன்றில் தென்னிந்திய நோயாளிகளைப் பற்றி எழுதினார்கள்.

அதற்குப் பின் டாக்டர் ஏ. நளினி குழுவினர். 2006-இல், இந்நோய் குடும்பத்தில் தொடர்ந்து வருவதை 15 தென்னிந்தியக் குடும்பங்களில் காட்டினார்கள். 2008-இல், 1971 முதல் 2007 வரை 36 ஆண்டுகளில் நிம்ஹான்ஸ் வந்த 116 நோயாளிகளின் விவரங்களை வெளியிட்டார்கள். மாணவர்கள் இங்கே சற்று நிற்க வேண்டும். 1971-இல் கேஸ் ஷீட் எழுதிய ஹவுஸ் சர்ஜனுக்கு, 2008-இல் தன் கையெழுத்து உலக ஆய்விதழுக்குப் போகும் என்று தெரியுமா? அவர் ஒழுங்காக எழுதினார். அது போதுமானதாக இருந்தது.

இன்னும் கிடைக்காத விடை

காது மந்தமும் தசை மெலிவும் சேர்ந்து வரும் இன்னொரு நோய் உண்டு. பிரவுன், வியலெட்டோ, வான் லேர் மூவரின் பெயரைத் தாங்கியது. ரிபோஃப்ளேவின் என்ற வைட்டமினை உடலுக்குள் கடத்தும் ஜீன்களின் கோளாறு அதற்குக் காரணம் என்று 2010-க்குப் பிறகு தெரிந்தது. அதிக அளவில் அந்த வைட்டமினைக் கொடுத்தால் பலர் தேறுகிறார்கள். மெட்ராஸ் நோயும் அதுதானோ என்று ஆசையோடு தேடினார்கள். இல்லை, இது வேறு என்று 2013-இல் நளினி குழுவினரும் லண்டன் ஆய்வாளர்களும் சேர்ந்து அறிவித்தார்கள்.

ஷார்கோவின் நோய்க்கு 1995-இல் ரிலுசோல் என்ற மாத்திரை வந்தது. அதிலேயே ஒரு ஜீன் வகைக்கு 2023-இல் டோஃபெர்சன் வந்தது. நம் ஊர்ப் பெயரைத் தாங்கிய நோய்க்குக் காரணமும் தெரியவில்லை, மருந்தும் இல்லை. காது கருவி, உடற்பயிற்சி, விழுங்குவதற்குப் பயிற்சி, தைரியமான ஒரு வார்த்தை, இவைதான் நம் கையில் இருப்பவை. அந்த வார்த்தையைத் தைரியமாகச் சொல்லும் உரிமையை நமக்குத் தந்தவை அந்த நான்கு பக்கங்கள்.

1997-இல் ஒரு நாள் என் ஓ.பி.யில் ஒருவர் வந்து நின்றார். காதில் கருவி. விரல்கள் மடங்கியிருந்தன. பேச்சு மூக்கால் வந்தது. கிராமத்தில் பெட்டிக்கடை வைத்திருக்கிறாராம். கல்யாணமாகி ஒரு பெண் குழந்தை. தன் பெயரைச் சொன்னதும் அடையாளம் தெரிந்துவிட்டது. மூன்று வருஷம் என்று நான் கெடு வைத்தவர் 19 வருஷம் கழித்து வந்திருக்கிறார். "கணக்கு மட்டும் பொண்டாட்டி எழுதுறா சார். நான் பத்தாவதே முடிக்கலயே" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பு முகத்தில் பாதிதான் வந்தது. மீதிப் பாதி நோயால் வராமல் போனது. அந்தப் பத்தாவது மட்டும் என்னால் போனது.

இன்று பயிலும் தம்பி, தங்கைகளுக்கு ஒரு வேண்டுகோள். புத்தகத்தை நன்றாகப் படியுங்கள். ஆனால் புத்தகத்தில் இல்லாத நோயாளி உங்கள் முன்னால் உட்கார்ந்தால், புத்தகத்தை மூடிவிட்டு அவரைப் பாருங்கள். பார்த்ததைத் தேதி போட்டு எழுதி வையுங்கள். தகப்பனார் பதில் சொன்னாலும், பையனையும் ஒரு தரம் கேளுங்கள்.