சாணைச் சக்கரம் வீட்டுக்கு வந்த வழி

சாணை பிடித்தல் என்பது, மழுங்கிய எஃகின் விளிம்பைக் கடினமான கல்மணிகளால் சிறிது சிறிதாகத் தேய்த்து, அதன் இரு பக்கங்களும் மீண்டும் ஒரே கோட்டில் சந்திக்கும்படி செய்யும் வேலையாகும். தட்டையான தீட்டுக்கல்லில் கையால் தேய்த்தாலும் சுழலும் கல்லில் பிடித்தாலும் நடப்பது இதுவே. ஆயினும் கல் சுழலத் தொடங்கியதும் வேகத்தோடு வெப்பமும் தூசியும் பெருகின, அவ்விரண்டையும் அடக்கக் கற்பதற்குள் பல தலைமுறைத் தொழிலாளர் மாண்டனர். இன்று சமையலறைக் கத்தியையும் வேட்டை அம்பின் முனையையும் மின்சாரச் சக்கரத்தில் வைத்து வீட்டிலேயே தீட்டிக்கொள்பவர்களின் மேசைக்கு அச்சக்கரம் வந்து சேர்ந்த வழி அத்தகையது.

கைப்பிடியால் சுழற்றப்படும் சாணைக்கல்லுக்கு ஐரோப்பாவில் அறியப்பட்ட மிகப் பழைய சித்திரம், ஒன்பதாம் நூற்றாண்டின் முற்பாதியில் பிரான்சின் ரைம்ஸ் பகுதியில் எழுதப்பட்டு, தற்போது நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழக நூலகத்தில் உள்ள சங்கீதச் சுவடியில் காணப்படுகிறது. அதில் தீயோர் தம் வாளைப் பழைய தீட்டுக்கல்லில் தீட்டிக்கொண்டிருக்க, நல்லோர் சுழலும் கல்லைப் பயன்படுத்துகின்றனர் என்பதைத் தொழில்நுட்ப வரலாற்றாசிரியர் லின் வைட் சுட்டிக்காட்டினார். புதிய கருவியை அறத்தின் பக்கம் நிறுத்திப் பார்த்த காலம் அது. அக்கல்லை ஆற்றுநீர் நாள் முழுதும் சுழற்ற, ஒரு நகரத்தின் உழைப்பாளர் அதன் முன் அமர்ந்த பிறகே அதன் கொடுமை வெளிப்பட்டது.

அந்நகரம் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு. பதினான்காம் நூற்றாண்டின் இறுதியிலேயே ஆங்கிலக் கவிஞர் சாசரின் கதையொன்றில் ஷெஃபீல்டுக் கத்தி இடம்பெறும் அளவுக்கு அதன் பெயர் பரவியிருந்தது. 1624இல் நாடாளுமன்றச் சட்டத்தால் அங்கே கத்திக் கொல்லர்களுக்குத் தனிக் கழகம் அமைந்தது. டான், ஷீஃப், ரிவலின், லாக்ஸ்லி, போர்ட்டர் ஆகிய ஐந்து சிற்றாறுகள் மலைச்சரிவிலிருந்து விரைந்து இறங்கியதால், பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதிக்குள் அவற்றின் கரைகளில் நூற்றுக்கும் மேற்பட்ட நீர்ச்சக்கரங்கள் சுழன்றன. சாணைக்கூடத்தையே அவ்வூரார் ‘சக்கரம்’ என்றழைத்தனர். தொழிலாளி, ‘குதிரை’ எனப்பட்ட மரப்பலகையின் இருபுறமும் காலிட்டு அமர்ந்து, முழங்கைகளை முழங்காலில் ஊன்றிக் குனிந்து, சுழலும் மணற்கல்லின் மேல் கத்தியை அழுத்தினார். கல் வெடித்துச் சிதறினால் முதலில் தாக்குண்டதும் அவரே. பிரான்சின் தியேர் நகரிலும் இதே தொழில் நடந்தது. அங்கே துரோல் ஆற்றங்கரையில் பலகைமேல் குப்புறப்படுத்தபடி சாணை பிடித்தவர்கள் குளிருக்குத் தம் நாய்களைக் கால்மேல் படுக்கவைத்துக்கொண்டனர். கல்லின் மஞ்சள் சேறு உடையெங்கும் படிந்ததால் ‘மஞ்சள் வயிற்றார்’ என்ற பெயரும் அவர்களுக்கு வாய்த்தது.

ஷெஃபீல்டின் சாணைக்காரர் நிலை மோசமடைந்தது நீராவியால் என்பது கருத்தூன்றிப் பார்க்கத்தக்கது. ஆற்றங்கரைக் கூடத்தில் ஒருசில கற்களே இருந்தன, கதவு வழியே காற்று வந்தது, கோடையில் ஆறு வற்றினால் வேலை நின்று நுரையீரலுக்கு ஓய்வு கிடைத்தது. 1786இல் முதல் நீராவிச் சாணைக்கூடம் எழுந்தபின், வறட்சி அறியாத இயந்திரம் நகரின் நடுவே அடைத்துக் கட்டிய அறைகளில் ஏராளமான கற்களை ஆண்டு முழுவதும் சுழற்றியது. நாற்பது ஆண்டுகளுக்குப் பின் இதன் விளைவை மருத்துவர் ஆர்னால்டு நைட் எண்களால் எழுதிவைத்தார். அவர் 1830இல் வெளியிட்ட ஆய்வின்படி, நகரில் ஏறத்தாழ 2,500 சாணைக்காரர் இருந்தனர். ஈரமற்ற கல்லில் முள்கரண்டி தீட்டிய சுமார் 150 பேர் 28 முதல் 32 வயதுக்குள் இறந்தனர். ஈரக்கல்லையும் உலர்கல்லையும் மாற்றி மாற்றிப் பயன்படுத்திய சவரக்கத்திக்காரர் 40 முதல் 45 வரை வாழ்ந்தனர். எப்போதும் நீரில் நனைந்த கல்லில் வேலை செய்த மேசைக்கத்திக்காரர் 40க்கும் 50க்கும் இடைப்பட்ட வயதை எட்டினர். ஒரே ஊர், ஒரே தொழில், ஒரே வகைக் கல். கல்லின் மேல் நீர் இருந்ததா இல்லையா என்பதே ஒருவருடைய ஆயுளில் பத்துப் பதினைந்து ஆண்டுகளைத் தீர்மானித்திருக்கிறது. ஜெர்மானியச் சிந்தனையாளர் எங்கெல்ஸ் 1845இல் ஆங்கிலேயத் தொழிலாளர் நிலை குறித்து எழுதிய நூலில் இந்தச் செய்திகளை எடுத்தாண்டபோது, அவை இங்கிலாந்துக்கு வெளியேயும் தெரியவந்தன.

‘சாணைக்காரர் இளைப்பு’ என்று அன்று அழைக்கப்பட்ட அந்நோய், மணற்கல்லிலுள்ள சிலிக்கா நுண்தூசி நுரையீரலில் தங்கித் தழும்பாக இறுகுவதால் வருவது. பின்னாளில் அது சிலிக்கோசிஸ் எனப் பெயர் பெற்றது. ஜான் ஹென்றி ஆபிரகாம் என்பவர் 1820களில் தூசியை ஈர்க்கும் காந்தக் கவசம் ஒன்றை உருவாக்கினார். எஃகுத் துகளை மட்டுமே காந்தம் பிடிக்கும், உயிரைக் குடித்த கற்தூசியோ அதைக் கடந்து செல்லும் என்பதால் அந்தக் கவசம் பாதிப் பாதுகாப்பையே தந்திருக்கும். தூசியை வெளியே இழுக்கும் விசிறிக் குழாய்களையும் சாணைக்காரர் பலர் ஏற்க மறுத்தனர். தொழில் பாதுகாப்பானதாகிவிட்டால் ஆட்கள் பெருகிக் கூலி குறையும் என்று அவர்கள் அஞ்சியதாக மருத்துவர்கள் பதிவுசெய்தனர். இதை அறியாமை என்று ஒதுக்குவது நியாயமன்று. குறுகிய ஆயுளையே கூலியின் காப்பாகக் கருதும் நிலைக்கு அவர்கள் தள்ளப்பட்டிருந்தனர். தொழிற்சங்கத்துக்குச் சந்தா செலுத்தாதவரின் கல்லைச் சுழற்றும் தோல் வாரை இரவோடிரவாகக் களவாடி, அவர் வேலையை நிறுத்தும் வழக்கமும் அந்த அச்சத்திலிருந்தே வளர்ந்தது. அவ்வழக்கம் முற்றி, 1866 அக்டோபரில் ரம்பம் தீட்டுபவர் ஒருவரின் வீட்டில் வெடிமருந்து வைப்பதில் முடிந்தது. அடுத்த ஆண்டு நடந்த விசாரணையில், ரம்பச் சாணைக்காரர் சங்கச் செயலாளர் வில்லியம் பிராட்ஹெட் இத்தகைய வன்முறைகளுக்குத் தாம் பணம் கொடுத்ததை ஒப்புக்கொண்டார். ஆங்கிலத் தொழிற்சங்கங்களின் சட்டநிலை குறித்த விவாதம் சூடேறியதற்கும் 1871இன் தொழிற்சங்கச் சட்டத்துக்கும் பின்னணியில் இந்நிகழ்ச்சியும் உண்டு.

மணற்கல்லை இத்தொழிலிலிருந்து வெளியேற்றியது செயற்கைச் சாணைக்கல். அதன் பெயரிலேயே தமிழ் இருக்கிறது. மாணிக்கமும் நீலமும் எந்தக் கனிமத்தின் வகைகளோ அந்த அலுமினியம் ஆக்சைடு, இயற்கையில் பரவலாகக் கிடைக்கும் கனிமங்களில் வைரத்துக்கு அடுத்த நிலையில் கடினமானது. அது தென்னிந்தியாவில் குருந்தம் என்ற பெயரில் வழங்கியது. அதன் பொடியை உருக்கிய அரக்கில் கலந்து வட்டமாக வார்த்து, வாரால் முன்னும் பின்னும் இழுத்துச் சுழற்றும் சாணையை இந்தியக் கைவினைஞர் நெடுங்காலம் பயன்படுத்தினர். பொடியைப் பசையால் பிணைத்துச் சக்கரமாக்கும் இக்கருத்துத்தான் இன்றைய சாணைக்கல்லின் அடிப்படை. குருந்தம் என்ற சொல்லே ஆங்கிலத்தில் ‘கோரண்டம்’ ஆயிற்று. 1891இல் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் எட்வர்டு அக்கெசன் களிமண்ணையும் கரித்தூளையும் மின்சாரத்தால் பழுக்கக் காய்ச்சியபோது கிடைத்த பளபளப்பான படிகங்களை, கார்பனும் கோரண்டமும் சேர்ந்த பொருள் எனத் தவறாகக் கருதி, ‘கார்பரண்டம்’ என்று பெயரிட்டார். உண்மையில் அது சிலிகான் கார்பைடு. மின்சாரம் மலிவாகக் கிடைத்த நயாகராவுக்கு அவருடைய ஆலை 1895இல் இடம்பெயர்ந்தது. அதற்கு முன்பே, 1873இல், மாசசூசெட்ஸின் உஸ்டர் நகர மட்பாண்டச் சாலையொன்றில் எமரி என்னும் குருந்தக் கல்லின் பொடியைக் களிமண்ணுடன் கலந்து சூளையில் சுட்ட சக்கரம் உருவாகியிருந்தது. அங்கிருந்து வளர்ந்ததே நார்ட்டன் நிறுவனம். 1954இல் முருகப்பா குழுமம், அமெரிக்க, ஆங்கிலேய நிறுவனங்களுடன் கூட்டுச் சேர்ந்து சென்னையில் ‘கார்பரண்டம் யுனிவர்சல்’ ஆலையை நிறுவியபோது, குருந்தம் என்ற சொல் கடல் கடந்து சுற்றி ஊர் திரும்பியது.

மோட்டாரும் சுட்ட சக்கரமும் சேர்ந்தபின் சாணை வீட்டுப் பட்டறைக்குள் நுழைந்தது. அங்கே தூசியைக் காட்டிலும் முதலில் உணரப்பட்டது வெப்பம். எஃகைப் பழுக்கக் காய்ச்சி நீரிலோ எண்ணெயிலோ தோய்த்தால் அது கடினமாகி நொறுங்கும் தன்மை பெறும். பின் ஏறத்தாழ 200 டிகிரியில் மறுபடி இளக்கினால் வேண்டிய பதம் கிடைக்கும். 150 மில்லிமீட்டர் சக்கரம் நிமிடத்துக்கு 2,900 முறை சுழலும்போது அதன் விளிம்பு வினாடிக்கு ஏறத்தாழ 23 மீட்டர் வேகத்தில் உரசுகிறது. மெல்லிய கத்தி முனையில் அவ்வெப்பம் பரவ இடமின்றி, எஃகு வைக்கோல் நிறத்தையும் கடந்து 300 டிகிரி அளவில் நீலமாகிப் பதம் இழக்கிறது. பார்வைக்குக் கூராக இருக்கும் அவ்விளிம்பு சில நாள்களிலேயே மடங்கிவிடும்.

வேட்டை அம்பின் அகன்ற முனையில் இப்பிழை இன்னும் கொடியது. 1934இல் விஸ்கான்சின் மாநிலம் வில்வேட்டைக்கெனத் தனிப் பருவத்தை அனுமதித்ததற்குப் பின் அமெரிக்காவில் பரவிய இவ்வேட்டையில், அம்பு துப்பாக்கிக் குண்டைப் போல அதிர்ச்சியால் கொல்வதில்லை. இரத்தக்குழாய்களை அறுத்தே கொல்கிறது. முனை மழுங்கியிருந்தால் விலங்கு காயத்தோடு ஓடி நெடுநேரம் வருந்தும். தம் முனையைத் தாமே தீட்டும் பொறுப்பை வில்வேட்டையாடுவோர் கடமையாகக் கருதுவதற்கு இதுவே காரணம்.

சுவீடனில் டோர்க்னி யான்சன் 1973இல் தொடங்கிய டோர்மெக் நிறுவனம், இந்த வெப்பச் சிக்கலைப் பழைய வழியிலேயே தீர்த்தது. 250 மில்லிமீட்டர் கல் நீர்த்தொட்டியில் நனைந்தபடி நிமிடத்துக்கு 90 முறை சுழல்கிறது. அதன் விளிம்பு வேகம் வினாடிக்கு ஒரு மீட்டரைச் சற்றே தாண்டுகிறது. எதிர்ப்பக்கத்துத் தோல் சக்கரம், தீட்டும்போது விளிம்பில் மறுபுறம் மடிந்து நிற்கும் உலோகப் பிசிரை நீக்குகிறது. நீர் வெப்பத்தையும் ஏற்கிறது, தூசியையும் சேறாக்கிக் கீழே இறக்குகிறது. கத்திக்கும் அம்பு முனைக்கும் இதுவே தக்க கருவி. உலர்ந்த சக்கரம்தான் கையில் இருக்கிறது என்பவர்கள், இடையிடையே எஃகை நீரில் தோய்த்துக்கொள்ளட்டும். பாதுகாப்புக் கண்ணாடியும் மூக்குக் கவசமும் அணியாமல் அதன் முன் நிற்க வேண்டாம்.