எர்த் ஒயரும் எஞ்சின் பலமும்

மலேசியாவின் கெடா தோட்டங்களில் வெள்ளைக்காரத் துரைமார் ஓட்டிய மாரிஸ், ஆஸ்டின் போன்ற பிரிட்டிஷ் கார்களில் பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் பாடியோடு, அதாவது எர்த்தோடு, சேர்ந்திருந்தது. அப்படிச் செய்தால் துரு குறையும், ஸ்பார்க் பிளக் சுலபமாகப் பொறி தள்ளும் என்றார்கள். ஆல்டர்னேட்டரும் டிரான்சிஸ்டரும் காருக்குள் வந்த 1960-களில் பிரிட்டிஷ் கார்களும் நெகட்டிவ் எர்த்துக்கு மாறின. அதனால் எஞ்சினின் பலம் கூடவுமில்லை, குறையவுமில்லை. காயிலின் இரண்டு ஒயரை மாற்றிப் பூட்டினாலே பொறி சரியான திசையில் பாயும் என்பதால், பொறிக்குத் துணை என்று எர்த்துக்குக் கிடைத்த பெயர் அப்போதே இரவல் பெயர்தான்.

அதே இரவல் பெயர் 2000-களில் நல்ல விலைக்குப் போனது. 1985-இல் புரோட்டோன் சாகாவும் 1994-இல் பெரோடுவா கன்சிலும் வந்தபின் தோட்டத்துப் பிள்ளைகளும் கார் வாங்கினார்கள். வண்டிக்கு அழகு பார்க்கும் ஆசையோடு, ஜப்பானிலிருந்து வந்த கிரவுண்டிங் கேபிள் மோகமும் நாடு முழுக்கப் பரவியது. பேட்டரியின் நெகட்டிவ் முனையிலிருந்து எஞ்சின் ஹெட், ஆல்டர்னேட்டர், கியர்பாக்ஸ், பாடி என்று சிவப்பிலோ நீலத்திலோ தடித்த ஒயர்கள் விரிந்து ஓடும். பிக்கப் கூடும், பெட்ரோல் மிச்சமாகும் என்பது விற்பவர் வாக்கு. கணக்கு வேறு மாதிரி சொல்கிறது. எர்த்தில் 0.01 ஓம் தடை இருந்தால், 150 ஆம்பியர் இழுக்கும் ஸ்டார்ட்டருக்கு 1.5 வோல்ட் நட்டம். வண்டி முக்கிக்கொண்டுதான் ஸ்டார்ட் ஆகும். 5 ஆம்பியர் இழுக்கும் இக்னிஷன் காயிலுக்கோ நட்டம் 0.05 வோல்ட். ஓடும் வண்டியில் 14 வோல்ட் இருக்கும்போது இது எந்த மூலைக்கு?

போட்டவர்கள் வித்தியாசத்தை உணர்ந்தார்களே என்று கேட்கலாம். உணர்ந்தது பொய்யல்ல. இன்ஜெக்‌ஷன் வண்டியில் ஒயர் பூட்டுவதற்காகப் பேட்டரியைக் கழற்றினால் கம்ப்யூட்டர் கற்றுவைத்த எரிபொருள் அளவுகள் அழிந்துபோகும். மறுபடி கற்கும்வரை ஐடலும் பிக்கப்பும் வேறாகத் தெரியலாம். கார்புரேட்டர் போட்ட சாகா இஸ்வாராவில் அந்தக் காரணமும் இல்லை. அங்கே வேலை செய்தது மணல்தாள்: புது ஒயரைப் பூட்டுமுன் போல்ட்டின் துருவைச் சுரண்டினார்கள், விளக்கு பிரகாசமானது. செம்மண் சேறும் ஓயாத மழையும் எஞ்சினை பாடியோடு இணைக்கும் பழைய எர்த் பட்டையை அரித்துவிடும் ஊரில் இது சின்ன விஷயமல்ல. பட்டை அறுந்தால் ஸ்டார்ட்டர் மின்சாரம் ஆக்சிலரேட்டர் கேபிள் வழியாகத் திரும்பி அதைச் சுட்டெரிப்பதுகூட உண்டு. அனுபவமுள்ள போர்மேன் ஆக்சிலரேட்டர் கேபிள் கருகியிருந்தால் முதலில் எர்த்தைத்தான் பார்ப்பார்.

அப்படியானால் புது ஒயர் போடுவதில் தப்பென்ன என்று கேட்டால், அறுந்த பட்டைக்குப் பதிலாகப் போடுவதில் தப்பே இல்லை. ஆனால் அது ரிப்பேர். அதைக் குதிரைச் சக்தி என்று விற்றதுதான் வியாபாரம். மல்டிமீட்டரின் ஒரு முனையைப் பேட்டரி நெகட்டிவிலும் மறுமுனையை எஞ்சின் பிளாக்கிலும் வைத்து ஸ்டார்ட் அடித்தால் போதும். கால் வோல்ட்டுக்குக் கீழே காட்டும் வண்டியில் எஞ்சினுக்கும் பேட்டரிக்கும் நடுவே புது ஒயர் திருத்துவதற்கு எதுவுமில்லை.