மில் சங்கும் நடுச்சாம இட்லியும்

ராஜபாளையத்தில் ராத்திரி பதினொரு மணிக்கு மேலும் வயிற்றுக்கு ஏதாவது கிடைக்கிறதென்றால், அதற்கு முதல் காரணம் பஞ்சாலை. 1936-இல் பி.ஏ.சி. ராமசாமி ராஜா ராஜபாளையம் மில்ஸைத் தொடங்கினார். பிறகு ஒன்றன்பின் ஒன்றாக மில்கள் வந்தன. பகல், அரை நைட், முழு நைட் என்று ஊரின் நாளே மூன்றாகப் பிரிந்தது. அரை நைட் முடிந்து வெளியே வருகிறவர்களும் முழு நைட்டுக்கு உள்ளே போகிறவர்களும் கேட்டில் எதிரெதிரே கடந்து போவது நடுச்சாமத்தில். அந்தக் கொஞ்ச நேரத்தை நம்பித்தான் எங்கள் ஊரில் இரவு அடுப்பு எரிந்தது.

இரவில் சோறு விற்பது இந்தச் சீமைக்குப் புதிதில்லை. மதுரைக்காஞ்சி காட்டும் மதுரையில் அல்லங்காடி என்று இரவுச் சந்தையே இருந்தது. சாமம் ஏற ஏற, பலகாரம் விற்கும் கூவியர் கண்ணயர்ந்து தூங்கியதையும் அந்தப் பாட்டு விட்டுவைக்கவில்லை. ஆனால் அது தலைநகரம். எங்கள் பக்கத்தில் வண்டிக்காரர்கள் கட்டுச்சோற்றை அவிழ்த்துத் தின்றார்கள். 1927-இல் விருதுநகரிலிருந்து தென்காசிக்கு ரயில் வந்த பிறகும், பாசஞ்சர் வண்டிக்குக் காத்திருப்பவன் கையோடு புளியோதரை கொண்டுவருவதுதான் வழக்கம் என்று வீட்டில் பெரியவர்கள் சொல்வார்கள்.

என் அம்மாச்சி ஒரு மில் கேட்டுக்கு எதிரே இட்லி விற்றவள். சாயங்காலம் தூங்கிவிட்டு ஒன்பது மணிக்கு எழுந்து அடுப்பு மூட்டுவாள். ஈயப் பாத்திரத்தில் இட்லியை அடுக்கி, மேலே ஈரத்துணி போட்டு, காடா விளக்கோடு போய் உட்காருவாள். சங்கு ஊதியதும் ஆட்கள் வருவார்கள். தலைமுடி, புருவம், மூக்கு மயிர்வரை பஞ்சு ஒட்டியிருக்கும். “ஆத்தா, நாலு வையி” என்று கேட்டு, நின்றபடியே தின்பார்கள். முதலில் தொண்டையில் ஒட்டிய பஞ்சை இறக்க வெந்நீர் வேண்டும் அவர்களுக்கு; அதற்கென்று தனிச் செம்பு வைத்திருந்தாள். கடன் கணக்கெல்லாம் வீட்டுச் சுவரில் கரிக்கோடுகள். எந்த வரிசை யாருடையது என்று அவளுக்கு மட்டுமே தெரியும். சம்பள நாள் முடிந்ததும் ஈரத்துணியால் துடைத்துவிடுவாள். பக்கத்தில் பருத்திப்பால் விற்கிற அண்ணாச்சி ஒருவர் இருப்பார். ஷிப்ட் முழுக்கப் பருத்தியோடு மாரடித்தவர்கள் ராத்திரி பருத்திக்கொட்டைப் பாலைக் குடித்துத் தெம்பேற்றிக்கொண்டார்கள்.

1948-ஆம் வருடத் தொழிற்சாலைச் சட்டம் காலை 6 மணிக்கு முன்பும் இரவு 7 மணிக்குப் பின்பும் பெண்கள் ஆலையில் வேலை பார்க்கக் கூடாதென்றது. அதாவது, கேட்டுக்கு உள்ளே அம்மாச்சி ராத்திரி நிற்க முடியாது. கேட்டுக்கு வெளியே தெருப்புழுதியில் ஒரு மணிவரை உட்காரலாம். உள்ளே இருப்பவர்களுக்குச் சட்டம், சம்பளம், விடுப்பு. வெளியே இருப்பவளுக்கு ஒன்றுமில்லை. எங்கள் மில்களின் வரலாற்றை எழுதுகிறவர்கள் கதிர்களை எண்ணுகிறார்கள். அந்தக் கதிர்களை ஓட்டியவனுக்கு நடுச்சாமத்தில் சோறு போட்டவளையும் எழுத வேண்டும் என்பதே என் வழக்கு.

இட்லிக்குப் பிறகு புரோட்டா வந்தது. 1956-இல் பி.எல். 480 ஒப்பந்தம் அமெரிக்கக் கோதுமையை நம் துறைமுகங்களில் இறக்கியது. அறுபதுகளின் அரிசித் தட்டுப்பாட்டில் கோதுமையும் மைதாவும் கைகொடுத்தன. முழு நைட்காரர்களுக்குப் புரோட்டா தோதாக இருந்தது. இட்லி தின்றால் நாலு மணிக்குப் பசிக்கும், புரோட்டா விடியும்வரை தாங்கும் என்பார் என் அப்பா. மைதா பிசைவதும், வீசுவதும், கல்லிலிருந்து எடுத்து அடுக்கி இரண்டு கையாலும் அடிப்பதும் ஆண்களின் வேலையாயிற்று. கூடவே லாரிகள். செங்கோட்டை வழியாகக் கேரளம் போகிற வண்டிகளும், சாரல் காலத்தில் குற்றாலம் போகிற கூட்டமும், கார்த்திகை மார்கழியில் ஐயப்பசாமிமார்களும் தென்காசி சாலைக் கடைகளைத் தூங்கவிடாமல் வைத்தார்கள். கேட் வாசல் இட்லிக்காரிகள் மெல்ல ஓய்ந்தார்கள்.

பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் ஸ்ரீவில்லிபுத்தூரின் இரவு வேறு. அங்கே சங்கு கிடையாது, கோயில் மணிதான். அர்த்தசாமப் பூசை முடிந்தால் வீதி அடங்கும். புவிசார் குறியீடு வாங்கிய பால்கோவாவும் ராத்திரிப் பசிக்கு உதவாது. ஆனால் ஆடிப்பூரத் திருவிழாவின் ஐந்தாம் நாள், ஐந்து கருட சேவை ராத்திரியில் நடக்கும். அன்று மாடவீதித் திண்ணைகளில் பெண்கள் பிள்ளைகளோடு உட்கார்ந்து சுண்டலும் புளியோதரையும் தின்பதை நடுச்சாமம் தாண்டியும் பார்க்கலாம். யாரும் ஏன் என்று கேட்பதில்லை.

2000-ஆம் வருடம் சென்னை உயர் நீதிமன்றம், ஆலையில் பெண்களுக்கு இருந்த அந்த இரவுத் தடையைச் செல்லாதென்றது. மில்களில் பெண்கள் முழு நைட் பார்க்கத் தொடங்கினார்கள். 2019-இல் தமிழக அரசு, பத்துப் பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் கடைகள் 24 மணி நேரமும் திறந்திருக்கலாம் என்று ஆணையிட்டது. நல்ல ஆணைதான். ஆனால் மாஸ்டர், சப்ளையர், தட்டு கழுவுகிறவர் என்று மூன்று நாலு பேரோடு ஓடும் புரோட்டாக் கடை அந்தக் கணக்கில் வராது. அதுதான் மில்காரனுக்குச் சோறு போடுகிற கடை.

போன மாதம் பஞ்சு மார்க்கெட் பக்கம் ஒரு கடையில் விசாரித்தேன். மில் வேனில் வருகிற பிள்ளைகள் இங்கே சாப்பிடுவதுண்டா என்று கேட்டதற்கு, “பொம்பளைப் பிள்ளைகளுக்குப் பார்சல் கட்டிருவோம்க்கா” என்றார் கடைக்காரர். மில்லுக்குள் ஆணுக்குச் சமமாக நின்று நூல் ஓட்டுகிறவளுக்கு இங்கே மட்டும் ஏன் பார்சல் என்று அவரிடமே கேட்டேன். “யாரும் வந்து உக்காரலையேக்கா. வந்தா இலை போடப் போறோம்” என்றார்.