வெளுத்ததெல்லாம் பாலன்று



"வெளுத்ததெல்லாம் பால் என்று எண்ணாதே" என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். கள்ளும் வெண்மைதான், சுண்ணாம்பு நீரும் வெண்மைதான். நிறம் ஒன்றாயிருப்பதனால் குணமும் ஒன்றாகிவிடுவதில்லை. நம் பாட்டிமார் அறிந்திருந்த இச்சிறு உண்மையை, ஒரு நோயின் திறத்தில் மருத்துவ உலகம் ஐயமற உணர்வதற்கு நூற்றுப்பத்து ஆண்டுகள் பிடித்தன. அந்த வரலாற்றையே இன்று உங்களுக்குக் கூற விரும்புகிறேன்.

நான் மருத்துவன் அல்லேன். கல்லூரியில் வரலாறு கற்பிப்பவன். எனினும் இதைப் பேசுவதற்கு ஒரு காரணம் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் என் வகுப்பில் ஒரு மாணவி பயின்றாள். ஒருநாள் காலையில் அவளுக்கு வலக்கண் பார்வை மங்கியது. சில திங்கள் கழித்துக் கால்கள் மரத்தன. மருத்துவர்கள் நோய்க்கு ஒரு பெயர் சொல்லி ஊசி மருந்து கொடுத்தார்கள். நோயோ தணியாமல் மீண்டும் மீண்டும் வந்தது. ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் சென்றபின் வேறொரு மருத்துவர் அவள் குருதியைச் சோதித்து, நோய்க்கு வேறொரு பெயர் கூறி, மருந்தையும் மாற்றினார். அவள் என்னிடம் வந்து, "ஐயா, பெயரை மாற்றிவிட்டார்கள். பெயர் மாறினால் நோய் மாறிவிடுமா?" என்று கேட்டாள். அன்று எனக்கு விடை தெரியவில்லை. விடை தேடி நூலகத்தில் அமர்ந்தபோது நான் கற்றதே இந்தப் பேச்சு.

முதலில் நோயின் இயல்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வெளியிலிருந்து வரும் கிருமிகளை எதிர்க்க உடலில் ஒரு காவற்படை இருக்கிறது. சிலருடைய உடலில் அப்படை மதி மயங்கி, தன் உடலையே பகையென்று கருதித் தாக்குகிறது. வேலியே பயிரை மேய்வது போன்ற நிலை இது. அத்தாக்குதல் மூளையிலும், தண்டுவடத்திலும், பார்வை நரம்புகளிலும் நிகழுமானால் பார்வை மங்கும், கைகால் தளரும், நடை தடுமாறும். இவ்வாறு தோன்றும் நோய் ஒன்றன்று, பல. ஆனால் அவற்றின் முகங்களோ உடன்பிறந்தார் முகங்களைப் போல ஒத்திருக்கின்றன. குழப்பம் இங்கேதான் தொடங்கியது.

இனி, பாரிஸ் நகருக்குச் செல்வோம். அங்கே சால்பெத்ரியேர் என்னும் பெரிய மருத்துவமனையில் ழான் மார்த்தேன் ஷார்கோ என்னும் பேராசிரியர் பணியாற்றினார். கைநடுக்கத்தோடு வருபவர்களையெல்லாம் ஒரே கூட்டமாக மருத்துவர்கள் நோக்கிவந்த காலம் அது. ஷார்கோ நடுக்கத்தையே கூர்ந்து பார்த்தார். சிலருக்குக் கை மடிமீது ஓய்ந்திருக்கும்போது நடுங்கியது. வேறு சிலருக்கோ, நீர்க்குவளையை எடுக்கக் கை நீட்டும்போதுதான் நடுங்கியது. நோயாளிகளின் தலையில் நீண்ட இறகு செருகிய தொப்பியை அணிவித்து, அவ்விறகு ஆடும் வகையைக் கடைசி வரிசை மாணவனும் காணும்படி செய்தார் என்பர். இரண்டாம் வகையினர் இறந்தபின் அவர்களுடைய மூளையையும் தண்டுவடத்தையும் ஆராய்ந்தபோது, ஆங்காங்கே கடினமான திட்டுகள் காணப்பட்டன. இத்திட்டுகளைப் பிறர் முன்னரே கண்டு படமாகவும் வரைந்திருந்தனர். அவற்றை உயிரோடிருப்பவரின் நோய்க்குறிகளோடு இணைத்து, 1868-ஆம் ஆண்டு தம் விரிவுரைகளில் தனியொரு நோயாக நிலைநாட்டியவர் ஷார்கோ. இன்று மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்று வழங்குவது அதுவே. மின்கம்பிக்கு ரப்பர் உறை இருப்பது போல நரம்பிழைகளுக்கு மையலின் என்னும் உறை இருக்கிறது. இந்நோயில் சிதைவது அந்த உறை.

இருபத்தாறு ஆண்டுகள் சென்றன. 1894-ஆம் ஆண்டு, அதே பிரான்சு நாட்டின் லியோன் நகரில் ஏழேன் தெவிக் என்னும் மருத்துவர், நாற்பத்தைந்து வயதுள்ள ஒரு பெண்ணைப் பற்றி எழுதினார். அவளுக்குக் கால்கள் முற்றும் செயலற்றன. இரு கண்களும் பார்வை இழந்தன. சில வாரங்களில் உயிரும் பிரிந்தது. பிணச் சோதனையில் பார்வை நரம்புகளும் தண்டுவடத்தின் நீண்ட பகுதியும் சிதைந்திருக்கக் கண்டார். தெவிக்கின் மாணவர் பெர்னான் கோல், பிறர் எழுதிவைத்திருந்த இத்தகைய குறிப்புகளைத் திரட்டி அதே ஆண்டில் தம் ஆய்வேட்டை எழுதினார். நியூரோமைலைட்டிஸ் ஆப்டிகா என்னும் பெயர் அவ்வாறு பிறந்தது.

ஆயினும் பெயர் பிறந்தவுடன் பூசல் தீர்ந்துவிடவில்லை. "இது தனி நோயன்று, ஷார்கோ கண்ட நோயின் கடுமையான ஒரு கிளை" என்றே பலரும் நெடுங்காலம் கருதினர். அவர்கள் அவ்வாறு கருதியதில் வியப்பில்லை. இரண்டும் கண்ணைத் தாக்கின; இரண்டும் தண்டுவடத்தைத் தாக்கின. மேலும், தெவிக்கின் நோய் ஒருமுறை மட்டுமே வந்து செல்லும் என்ற எண்ணம் வேரூன்றியிருந்தது. எனவே, நோய் மீண்டும் மீண்டும் வந்தவர்கள் பெரும்பாலும் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்னும் பெயரின்கீழ் அடங்கினர். ஜப்பானில் கண்ணையும் தண்டுவடத்தையும் மட்டும் தாக்கும் வகை மேலைநாடுகளைவிட மிகுதியாகக் காணப்பட்டது. அங்கும் அதனை மல்டிபிள் ஸ்கிளிரோசிஸின் ஒரு பிரிவாகவே வழங்கினர்.

அமெரிக்க நாட்டின் மேயோ மருத்துவ நிலையத்தில் டீன் விங்கர்சக், பிரையன் வைன்ஷெங்கர் முதலியோர் 71 நோயாளிகளின் வரலாற்றைத் தொகுத்து, 1999-இல் வெளியிட்டனர். தெவிக்கின் நோய் பலருக்கு மீண்டும் மீண்டும் வருவது என்பதும், தண்டுவடத்தில் அதன் தடம் மூன்று முள்ளெலும்புகளின் நீளத்திற்கும் மேலாகப் பரவுவது என்பதும் தெளிவாயின. மல்டிபிள் ஸ்கிளிரோசிஸின் தடமோ பெரும்பாலும் குறுகியது. ஆயினும் இவை புறத்தோற்ற வேறுபாடுகளே. ஐயம் தீர, அகத்திலிருந்து ஒரு சான்று வேண்டியிருந்தது.

அச்சான்று குருதியில் இருந்தது. மேயோ நிலையத்தில் பணியாற்றிய வாண்டா லென்னன், ஆஸ்திரேலியாவில் பிறந்த பெண்மணி. அவருடைய ஆய்வுக்கூடத்தில் நோயாளிகளின் குருதிநீரை எலியின் மூளைச் சீவல்கள்மீது இட்டு நுண்ணோக்கியில் பார்ப்பது வழக்கம். குருதியில் உடலைத் தாக்கும் எதிர்ப்பொருள் இருந்தால், அது சீவலில் தனக்குரிய இடத்தைப் பற்றிக்கொண்டு ஒளிரும். சிலரது குருதிநீர் மட்டும் நுண்குருதிக் குழாய்களின் ஓரமாக ஒரு தனிக்கோலம் காட்டியது. அவர்கள் தெவிக்கின் நோயுடையவர்கள்! ஜப்பானிய அறிஞர்களோடு இணைந்து அவர் 2004-இல் முடிவுகளை வெளியிட்டார். தெவிக்கின் நோயாளிகளில் 73 விழுக்காட்டினரிடம் அந்த எதிர்ப்பொருள் இருந்தது. கண்ணும் தண்டுவடமும் தாக்கப்பெற்ற ஜப்பானிய நோயாளிகளிடமும் 58 விழுக்காடு அளவில் அதுவே இருந்தது. மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் நோயாளிகளிடம் அது பெரும்பாலும் காணப்படவில்லை.

அடுத்த ஆண்டிலேயே, அந்த எதிர்ப்பொருள் எதைத் தாக்குகிறது என்பதும் தெரிந்தது. உயிரணுக்களின் சுவரில் நீர் சென்றுவரும் சிறு மதகுகள் உண்டு. அக்வாபோரின் எனப்படும் அம்மதகுகளைக் கண்டறிந்ததற்காகப் பீட்டர் அக்ரி 2003-இல் நோபல் பரிசு பெற்றார். அவற்றுள் நான்காம் வகை, மூளையிலுள்ள விண்மீன் வடிவ உயிரணுக்களில் மிகுதியாக உள்ளது. தெவிக்கின் நோயில் முதலில் அடிபடுவது அந்த உயிரணுவே. நரம்பின் உறை சிதைவது அதன் பின்விளைவு. ஆக, வெளியே ஒன்றுபோலத் தோன்றிய இரு நோய்களுக்கும் உள்ளே இலக்கே வேறு.

நேயர்களே, இலக்கு வேறானால் மருந்தும் வேறாக வேண்டுமன்றோ? மல்டிபிள் ஸ்கிளிரோசிஸுக்கு இன்டர்பெரான் பீட்டா என்னும் ஊசி மருந்து 1993-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. பலருக்கு அது நன்மை செய்தது. அதே மருந்து தெவிக்கின் நோயுடையவர்களுக்குக் கொடுக்கப்பட்டபோது, நன்மை செய்யாததோடு நோயை முற்றச் செய்ததையும் ஜப்பானிய மருத்துவர்களும் பிறரும் கண்டனர். ஒருவருக்கு மருந்தானது மற்றொருவருக்கு ஊறாயிற்று. தெவிக்கின் நோயில் ஒவ்வொரு தாக்குதலும் கண்ணொளியையோ நடையையோ நிலையாகப் பறித்துச் செல்லக்கூடியது. ஆதலால் பெயர்ப் பிழைக்குக் கொடுக்கும் விலை மிகப் பெரிது. வேறுபாடு தெளிந்தபின், தெவிக்கின் நோய்க்கென்றே எக்குலிசுமாப் என்னும் மருந்து 2019-இலும், இனெபிலிசுமாப், சாட்ரலிசுமாப் என்னும் இரு மருந்துகள் 2020-இலும் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றன.

கதை இங்கும் முடியவில்லை. தெவிக்கின் நோய்போல் தோன்றியும் அந்த எதிர்ப்பொருள் இல்லாதவர்கள் இருந்தனர். அவர்களுள் சிலரிடம், மையலின் உறையின் மேற்பரப்பிலுள்ள மாக் என்னும் புரதத்தைத் தாக்கும் வேறோர் எதிர்ப்பொருள் இருப்பது தெரிந்தது. குழந்தைகளிடமும் மிகுதியாகக் காணும் இம்மூன்றாம் நோய்க்குரிய இலக்கணத்தை 2023-இல் பன்னாட்டு அறிஞர்கள் வகுத்தனர். இரண்டும் பொருந்தாதவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களைப் பற்றிய ஆய்வு தொடர்கிறது.

என் மாணவியின் வினாவுக்கு வருகிறேன். பெயர் மாறினால் நோய் மாறுவதில்லை. அது முன்பு எதுவாக இருந்ததோ அதுவாகவே இருக்கிறது. ஆனால் சரியான பெயர் கிடைத்த நாளில், நோயாளிக்குக் கொடுக்கும் மருந்து மாறுகிறது. அவளுக்கும் மாறியது. வலக்கண்ணில் இழந்த பார்வை திரும்பவில்லை. ஆயினும் அதற்குப்பின் புதிய தாக்குதல் வரவில்லை. அவள் தேர்வெழுதிப் பட்டமும் பெற்றாள்.

மாணவர்களே, உங்களுள் சிலர் நாளை மருத்துவராகலாம். சிலர் வேறு துறைகளுக்குச் செல்லலாம். எத்துறையாயினும், ஒன்றுபோல் தோன்றும் இரண்டினை ஒன்றென்று கூறிக் கடந்துபோவது எளிது. நின்று நோக்கி வேறுபாடு காண்பது அரிது. ஷார்கோவின் வகுப்பில் ஆடிய இறகும், லென்னனின் நுண்ணோக்கியில் ஒளிர்ந்த கோலமும் அவ்வாறு நின்று நோக்கியவர்களுக்கே புலப்பட்டன. உங்கள் வீட்டிலோ அண்டையிலோ எவருக்கேனும் திடீரெனப் பார்வை மங்கினாலும், கால்கள் மரத்தாலும், நாள் கடத்தாமல் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள் என்று கேட்டுக்கொண்டு விடைபெறுகிறேன்.